பார்வையாளரும் கைவைக்கும் கலை: சென்னையில் முதல்முறை செய்துபார்ப்பவர்களுக்கு

கவின்கலைக் கல்லூரி மாணவர், பள்ளி ஓவிய ஆசிரியர், அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்திருப்பவர், தன் தெரு நூலகத்தின் சும்மா கிடக்கும் மூலையில் ஏதாவது செய்யலாமே என்று நினைப்பவர். இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பார்வையாளரும் சேர்ந்து உருவாக்கும் பங்கேற்புக் கலையைப் பற்றிக் கனமான கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் பலகையை எங்கே வாங்குவது, கடிதத்தை யாரிடம் கொடுப்பது, கேள்வியை எப்படி எழுதுவது, கூட்டம் வந்தால் யார் நிற்பது என்று எவரும் சொல்வதில்லை. இங்கே அதை மட்டும் பார்ப்போம்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கறார். பார்வையாளர் வந்து போன பிறகு படைப்பில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். அவர் வராமல் இருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும் என்றால், அதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைக்காதீர்கள். சிறகு வரைந்த சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது ஜாலியான வேலைதான், ஆனால் சுவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மயிலாப்பூரில் பங்குனித் தேருக்கு வடம் பிடிப்பவர்கள் யாரும் தேரைச் செய்தவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் பிடிக்காவிட்டால் தேர் நிலையிலேயே நிற்கும். அந்த அளவுக்கு வேலை பார்வையாளருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். 1851இல் ஆரம்பித்தது, வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே சிலைகளை அல்ல, சிலை பார்க்க வந்தவர்களைப் பாருங்கள். வெண்கலக் கூடத்தில் ஒரு மணி நேரம் ஓரமாக நின்றாலே போதும். அப்பா பெயர்ப் பலகையைச் சத்தமாகப் படிப்பார், பையன் அடுத்த அறைக்கு ஓடியிருப்பான். பாட்டி ஒருவர் நடராசர் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அருங்காட்சியகம் ‘சோழர் காலம், வெண்கலம்’ என்று எழுதி வைத்திருக்கிறது, பாட்டிக்கு அது சாமி. யாரும் அழைக்காமலே அவர் பங்கேற்றுவிட்டார். நீங்கள் செய்யப்போகும் எதுவும் அந்தக் கும்பிடு அளவுக்கு இயல்பாக அமைந்தால் பெரிய விஷயம்.

‘தொடாதீர்கள்’ பலகை மேல் கோபப்படாதீர்கள். கை வியர்வையில் உப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. நூறு பேர் தடவினால் வெண்கலம் நிறம் மாறும், அரிக்கவும் ஆரம்பிக்கும். பழைய பொருளை விட்டுவிடுங்கள். தொடுவதற்கென்றே புதிதாக ஒன்றைச் செய்து பக்கத்தில் வையுங்கள். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் பார்வையற்றவர்களுக்காக ‘அனுபவ்’ என்ற கூடத்தைத் திறந்தபோது செய்தது அதைத்தான். தொட்டுப் பார்க்கப் பிரதிகள் செய்து வைத்தார்கள்.

அடுத்து முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா. 1996இல் திறந்தது, செவ்வாய் விடுமுறை. வாய்ப்பு கிடைத்தால் குயவர் சக்கரத்தில் குழந்தையை உட்காரவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். குழந்தையின் விரல்மேல் அவர் தன் விரலை வைப்பார், மண் எழும்பும். ஒரு கட்டத்தில் கையை எடுத்துவிடுவார். உடனே பானை கோணும், குழந்தை கத்தும், அவர் திரும்பவும் ஒரு விரல் மட்டும் வைத்து நிமிர்த்துவார். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் மொத்த நுட்பமும். வகுப்பில் இதைச் சொல்லித்தர முடியாது.

திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் கைவினைப் பொருள் விற்ற காசில் நிலம் வாங்கி உருவாக்கிய கிராமம். அங்கே உள்ள கூடம் சுவரில் மாட்டிய ஓவியம், எதிரே நிற்கும் மனிதர் என்ற பழைய முறைதான். நல்ல ஓவியத்தின் முன்னால் சும்மா நிற்பதும் ஒரு வேலைதான் என்று தெரிந்துகொள்ளவாவது போய் வாருங்கள். எல்லாவற்றையும் பங்கேற்பாக மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கண்ணகி நகர் ஒரு தனிக் கேள்வி. ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய இடம். 2020இல் அங்கே குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வந்தன. போனால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள், டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சுவரில் என்ன வரையலாம் என்று யார் முடிவு செய்தார்கள், வரைந்த பிறகு அங்கே என்ன மாறியது என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ன மாறப்போகிறது? ஒரு வரியில் எழுதுங்கள்

சாமான் வாங்குவதற்கு முன்னால் இதை எழுதிவிடுங்கள். ‘பார்வையாளர் ________ செய்வார், அதனால் படைப்பில் ________ மாறும்.’ இரண்டாவது கோடு நிரம்பவில்லை என்றால் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு யோசியுங்கள்.

உலகத்தில் பேர் பெற்ற படைப்புகளை இந்த வரியில் போட்டுப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் ஒரு மூலையில் மிட்டாய்களைக் குவித்தார். எடை 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ. எய்ட்ஸ் நோயால் இறந்த அவருடைய துணைவர் ராஸின் உருவப்படம் அது. பார்வையாளர் ஒரு மிட்டாய் எடுப்பார், குவியல் கரையும். மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா செங்கல் மாதிரி சோப்புக்கட்டிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ‘அச்சுறுத்தல்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் பொறித்தார். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போகலாம். சுவர் குறைந்துகொண்டே வரும், எடுத்துப் போனவர் வீட்டில் அச்சுறுத்தல் குளியலறையில் கரையும். யாயோய் குசாமா 2002இல் பிரிஸ்பேனில் ஒரு வீட்டறை முழுவதற்கும் வெள்ளையடித்து, நாற்காலி, மேசை உட்பட எல்லாவற்றையும் வெள்ளையாக்கி, குழந்தைகள் கையில் வண்ணப் பொட்டு ஸ்டிக்கர்களைக் கொடுத்தார். நாள் போகப்போக அறை பொட்டுக்குள் மறைந்தது. ரிர்கிரித் திரவனிஜா 1992இல் நியூயார்க் கேலரி ஒன்றில் தாய்லாந்துக் குழம்பு சமைத்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டார்.

இவற்றில் பார்வையாளர் செய்யும் காரியம் மிகச் சின்னது: எடு, ஒட்டு, சாப்பிடு. புதிதாகச் செய்பவர்கள் அநேகமாக இங்கேதான் சறுக்குவார்கள். கயிறு கட்டு, களிமண் பிசை, பாட்டுப் பாடு, கியூஆர் கோடைத் தட்டு என்று நான்கு வேலை கொடுத்துவிடுவார்கள். ஒரு வேலை போதும்.

இன்னொன்றும் உண்டு: யார் கையில் எவ்வளவு அதிகாரம்? ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் நகரத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பை 1969இல் 8 படியுள்ள ஏணியாகப் பிரித்தார். கீழ்ப் படிகளில் மக்களைக் கூப்பிட்டுப் பேசவிடுவார்கள், முடிவு ஏற்கெனவே எடுத்தாகியிருக்கும். மேல் படியில் முடிவே மக்கள் கையில். மிட்டாய் எடுப்பது அந்த ஏணியில் கீழே எங்கோதான் இருக்கும். கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிக் கைவினைஞர்களோடு சேர்ந்து அடிகுழாய் இருக்கும் இடங்களைத் திரும்ப வடிவமைத்தது மேலே வரும். குடத்தை எங்கே இறக்கி வைப்பது, எப்படித் தூக்குவது என்று தண்ணீர் எடுக்கும் பெண்களின் வசதியிலிருந்து அது தொடங்கியது, வருடக்கணக்கில் நடந்தது. முதல்முறை செய்பவர் கீழ்ப் படியில் நின்றால் அவமானம் ஒன்றும் இல்லை. கீழ்ப் படியில் நின்றுகொண்டு ‘மக்கள் உருவாக்கிய படைப்பு’ என்று அறிவிப்பு அடிப்பதுதான் கூடாது.

கேள்வியைச் செதுக்குவது

இதற்குமேல் ஒரு மாதிரித் திட்டத்தை வைத்துப் பேசினால் எளிது. கேள்வி இது: ‘2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது?’ எட்டடி உயரப் பலகை ஒன்று. வருபவர் அதன் பக்கத்தில் நின்று, முழங்காலோ இடுப்போ கழுத்தோ, தன் உடம்பில் தண்ணீர் வந்த உயரத்துக்கு நேராகப் பலகையில் நீல டேப்பை ஒரு சாண் ஒட்டி, அதன்மேல் ஏரியாப் பெயரை எழுதுவார். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குச் சிவப்பு டேப். முடிச்சூர், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று கோடுகள் ஏறிக்கொண்டே போகும். மாலைக்குள் பலகையில் ஊரின் நீர்மட்டம் தெரிய ஆரம்பித்துவிடும். பார்வையாளர் வராவிட்டால் அது வெறும் பலகை.

‘சென்னை என்றால் உங்களுக்கு என்ன?’ என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இட்லி, மெரினா, சூப்பர் ஸ்டார், இதயம் போட்ட இரண்டு பெயர். கேள்வி தொளதொள என்றிருந்தால் பதிலும் அப்படித்தான் வரும். நல்ல கேள்விக்குப் பதில் சொல்பவர் யோசித்து எழுத வேண்டாம், ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். அந்தப் பதில் அவர் ஒருவரால் மட்டுமே சொல்ல முடிந்ததாகவும் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கும் வழி இருக்க வேண்டும். அவரால் டேப் ஒட்ட முடியும், ஏரியாப் பெயரைப் பக்கத்தில் நிற்பவர் எழுதித் தரலாம்.

பதில் இல்லாதவர்களையும் நினைத்துப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று பையோடு வந்த வெளியூர்க்காரர்களாக இருக்கலாம். அவர்களுக்கு ‘உங்கள் ஊர், உங்கள் வெள்ளம்’ என்று இன்னொரு பலகை வையுங்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியில் என்ன நடந்தது என்று சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும். வீட்டுக்குள் தண்ணீரே வராதவர் தரையை ஒட்டி ஒட்டட்டும், அதுவும் பதில்தான். தலைக்குமேல் போனது என்பவர்களுக்காகப் பலகையின் உச்சியில் அரை அடி விட்டுவைத்து ‘மாடிக்கு ஏறினோம்’ என்று எழுதிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளத்தில் ஆளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சந்தோஷமான மாலைப்பொழுதுக்கு வந்தவரை இந்தக் கேள்வி திடீரென்று நிறுத்தலாம். அதனால் கேள்வியை வாசலிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். வேண்டாம் என்பவர் பலகை பக்கம் வராமலே திரும்ப முடிய வேண்டும்.

இடமும் அனுமதியும்

முதல் முயற்சிக்குப் பெரிய அருங்காட்சியகம் வேண்டாம். கிளை நூலகம், கல்லூரி வராந்தா, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம், புத்தகக் கடையின் முன்பக்கம் போதும். வெள்ளத் திட்டத்துக்கு அடையாற்றை ஒட்டிய எந்த இடமும் பொருந்தும். கொஞ்சம் கை தேறியதும் கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மாதிரி கூடங்களில் வாடகை விசாரியுங்கள். சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழா 2016இல் தொடங்கியதிலிருந்து கேலரிக்கு வெளியேயும் படங்களை வைத்திருக்கிறது. அதைப் பார்த்தாலே இடத்தைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவில் சபாக் கச்சேரி கேட்பவர்கள் மீனவர் குப்பத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். இடத்தை மாற்றினாலே யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்பதும் மாறிவிடுகிறது.

அரசு நிறுவனம் என்றால் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன வைக்கிறோம், எத்தனை அடி இடம், எத்தனை நாள், மின்சாரம் வேண்டுமா, சுவரில் ஆணி அடிப்போமா, முடிந்தபின் யார் சுத்தம் செய்வது. இந்த ஆறுக்கும் பதில் இருக்கட்டும். ஆணி அடிக்க மாட்டோம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள், பாதிக் கவலை அங்கேயே தீரும். கடிதம் கொடுத்ததும் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள், போனில் விசாரிப்பதைவிட நேரில் போய் நிற்பது பலன் தரும்.

தெரு, பூங்கா, கடற்கரை என்றால் மாநகராட்சி, காவல் நிலையம் இரண்டும் வேண்டும். ‘கோலம்தானே போடுகிறோம்’ என்று நினைக்காதீர்கள். 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அப்புறம் விட்டது. எந்த வாசலிலும் தினமும் போடுகிற கோலம், அதில் எழுதிய வரியால் சட்டம் ஒழுங்கு விவகாரம் ஆனது. உங்கள் கேள்வி யாரைச் சீண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சீண்டத்தான் வேண்டும் என்றால் தெரிந்தே செய்யுங்கள், ஆனால் உங்களை நம்பி டேப் ஒட்ட வந்தவருக்கும் அந்த ஆபத்தைச் சொல்லிவிடுங்கள்.

காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, திறந்தவெளி வேண்டாம். மார்ச் தேர்வுக் காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரி சரியான நேரம். காணும் பொங்கலன்று மட்டும் முதல் நாளை வைத்துவிடாதீர்கள், கூட்டத்தைச் சமாளிக்க முடியாது.

சாமான்

ப்ளைவுட் முழுத் தகடு 8 அடிக்கு 4 அடி வரும். நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னால் 2 அடி அகலத்தில் இரண்டு பலகை கிடைக்கும். 12 மி.மீ. கனம் போதும். சன்போர்டு என்ற நுரை அட்டை மலிவு, லேசு, பிரிண்டிங் கடைக்காரரும் அதைத்தான் சிபாரிசு செய்வார். எட்டடிக்கு அது நிற்காது, ஃபேன் காற்றுக்கே வளையும். பின்னால் சட்டம் அடித்து, அடியில் அகலமான கால் வைத்து, காலின்மேல் மணல் மூட்டை வையுங்கள். நீங்களே இரண்டு கையாலும் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இன்னொரு மூட்டை.

டேப்புக்கும் காகிதத்துக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் மொத்த விலைக்குக் கிடைக்கும். விளக்கு, சின்ன மோட்டார், ஒயர் என்றால் ரிச்சி தெரு. சென்னைக் காற்றின் ஈரத்தில் சாதா டேப் இரண்டாம் நாளே ஓரம் சுருட்டிக்கொள்ளும். எனாமல் பூசிய பலகையில் காகித டேப் நன்றாகப் பிடிக்கும், டிஸ்டெம்பர் மேல் பிடிக்காது, பிடித்தாலும் பூச்சோடு உரிந்து வரும். வாங்கும் முன்னால் ஒரு துண்டை ஒட்டி மூன்று நாள் விட்டுப் பாருங்கள். மார்க்கர் பேனாவைச் சணலில் கட்டிப் பலகையோடு தொங்கவிடுங்கள், இல்லையென்றால் மதியத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது. கத்தரிக்கோலே வேண்டாம், டேப்பை முன்கூட்டியே ஒரு சாண் துண்டுகளாகக் கிழித்து ஓரத்தில் ஒட்டி வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ‘நம்ம ஜனம் ஒழுங்கா இருப்பாங்க’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். லண்டன் டேட் கேலரியில் 1971இல் ராபர்ட் மோரிஸ் ஏறவும் உருட்டவும் சமநிலை பிடித்து நடக்கவும் மரத்தில் பெரிய அமைப்புகளை வைத்தார். பார்வையாளர்கள் உற்சாகமாகக் களத்தில் இறங்கினார்கள், காயம்பட்டார்கள், சாமான்களும் உடைந்தன, 4 நாளில் மூடிவிட்டார்கள். 2009இல் டேட் மாடர்னில் அதையே உறுதியான பொருள்களால் திரும்பச் செய்தார்கள். அதே இடத்தில் 2010இல் ஐ வெய்வெய் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். மேலே நடக்கலாம், படுக்கலாம் என்றுதான் திறந்தார்கள். சில நாளிலேயே பீங்கான் தூசி மூச்சுக்கு ஆகாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே நடப்பதை முழுதாக ஊகிக்க முடியவில்லை. கூர் முனை, தூசி, வழுக்கும் தரை, கால் இடறும் ஒயர் என்று நான்கையும் திறப்பதற்கு முந்தைய நாள் இரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர் நின்று அளக்க மாட்டார். பலகையில் லேசான பென்சில் கோட்டில் அடிக்கணக்கு போட்டிருந்தால் அவர் எண்ணைச் சொல்லலாம்.

பக்கத்தில் நிற்பவர்

என்னைக் கேட்டால் பாதிப் பணத்தையும் முழுக் கவனத்தையும் இங்கே போடச் சொல்வேன். பலகை சுமாராக இருந்தாலும் நல்ல ஆள் நின்றால் ஓடிவிடும். ஆள் இல்லாத பலகையைச் சுற்றிச் செருப்புதான் குவியும்.

நம் ஊரில் அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடந்து பழகியவர்கள். ‘தொடலாம்’ என்று எழுதி வைத்தால் நம்ப மாட்டார்கள், யாரையாவது பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கும் முதல் ஆள் காவலாளி. வருடக்கணக்காக ‘தொடாதீங்க’ சொல்லியே தொண்டை வறண்டவர் அவர். எனவே முதல் நாள் காலையில், திறப்பதற்கு முன்னால், அவரிடம் போங்கள். ‘அண்ணே, உங்க வீட்ல எதுவரைக்கும் வந்துச்சு?’ என்று கேட்டு, முதல் டேப்பை அவர் கையால் ஒட்டவையுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்களைவிட நன்றாக ஆட்களை அழைப்பார். ‘அந்த ரெட்டேரி கோடு என்னோடதுதான், வாங்க, நீங்களும் ஒட்டுங்க’ என்று அவர் சொல்வதைக் கேட்டபின் யாரும் தயங்குவதில்லை.

நிற்பவர் பேச வேண்டியது கொஞ்சம்தான். ‘வாங்கம்மா, இதைத் தொடலாம்’ என்பது முதல் வரி. கேள்வியைச் சொல்வது இரண்டாவது. அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கலைஞரின் நோக்கம், பங்கேற்பின் தத்துவம் எல்லாம் அவர்கள் கேட்டால் மட்டும். வயதான ஒருவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கதை சொல்வார், ரேஷன் கார்டு போனது, பீரோ மிதந்தது, பக்கத்து வீட்டுப் பையன் தெர்மாக்கோல் மேல் வந்து பால் கொடுத்தது. பின்னால் வரிசை நிற்கும். அவரை அவசரப்படுத்தாமல், கூட இருப்பவர் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரு நேரத்தில் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்பது இதனால்தான். இரண்டு மணி நேரத்துக்குமேல் யாரையும் நிற்கவைக்காதீர்கள். தன்னார்வலர்தானே என்று பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுக்காமல் விடாதீர்கள்.

மாட்டேன் என்பவரை இழுக்கக் கூடாது. ‘சும்மா ஒட்டுங்க சார்’ என்று கையைப் பிடிப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் ஆடச் சொல்லி இழுக்கும் அதே வன்முறை. தள்ளி நின்று பார்ப்பவரும் பார்வையாளர்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் 1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் 72 பொருள்களை மேசையில் வைத்து, 6 மணி நேரம் தன்மீது எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நின்றார். ரோஜாவும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. முதலில் தயங்கிய கூட்டம் போகப்போக அவர் துணியைக் கிழித்தது, துப்பாக்கி அவர் கழுத்துவரை போனது, அங்கிருந்தவர்களே குறுக்கே விழுந்து தடுத்தார்கள். உங்கள் டேப் பலகையில் அப்படி எதுவும் நடக்காதுதான். ஆனாலும் ‘எது வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று அறிவித்தால் யாராவது அதைச் சோதித்துப் பார்ப்பார். எல்லையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒத்திகை

உங்கள் நண்பர்களை வைத்து ஒத்திகை பார்க்காதீர்கள், அவர்கள் எல்லாமே சூப்பர் என்பார்கள். தெருவில் பூ விற்பவர், அயர்ன் கடைக்காரர், எதிர்வீட்டுப் பிளஸ் டூ மாணவி என்று பத்துப் பேர் போதும். விளக்காமல் பலகை முன்னால் நிறுத்துங்கள். எங்கே முழிக்கிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். கேள்வியை இரண்டாவது முறை படித்தால் வாக்கியம் நீளம். டேப்பைத் தேடினால் அது இருக்கும் இடம் தப்பு. ‘யார் வீட்டைக் கேக்குறீங்க, இப்ப இருக்கிறதா, அப்ப இருந்ததா?’ என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்தச் சந்தேகம் பலகையிலேயே தீர வேண்டும். தமிழ் மேலே, பெரிதாக, ஆங்கிலம் கீழே.

காலிப் பலகையைக் கண்டால் யாருக்கும் முதல் ஆளாகக் கைவைக்கத் தோன்றாது. திறப்பதற்கு முன்னால் பத்துப் பதினைந்து கோடு இருக்கட்டும். ஒத்திகைக்கு வந்தவர்களின் கோடுகளையும் குழுவினரின் கோடுகளையும் விட்டுவையுங்கள். நீங்களாகக் கற்பனை செய்து ஒட்டாதீர்கள். பொய்க்கோடு ஒன்று இருந்தாலும் மொத்தப் பலகையும் பொய்யாகிவிடும்.

நடக்கும் நாட்களில்

கட்சிப் பெயர், சாதிப் பெயர், காதலியின் பெயர், கெட்ட வார்த்தை எல்லாம் வரும். எதை எடுப்போம், எதை எடுக்க மாட்டோம் என்று முதலிலேயே முடிவு செய்து சின்னதாக எழுதி ஒட்டுங்கள். தனி ஆளைத் திட்டினால், சாதியையோ மதத்தையோ இழிவுபடுத்தினால், போன் நம்பர் எழுதினால் எடுப்போம் என்ற அளவு போதும். அதிகாரிகளைத் திட்டுவது வேறு கதை. ஏரியைத் திறந்துவிட்டதைப் பற்றி இரண்டு வரி காட்டமாக எழுதியிருக்கிறார்கள் என்பதற்காக ஒரு டேப்பை உரித்தீர்களென்றால், அந்தப் பலகையில் உங்களுக்குப் பிடித்த பதில் மட்டும்தான் மிஞ்சும். இடம் கொடுத்தவர்களிடம் இதை முன்பே பேசி வையுங்கள், பாதியில் பேசினால் சண்டைதான்.

படம் எடுப்பதில் கவனம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது, அவர்களுடைய தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. முகம் தெரியாமல் கையையும் பலகையையும் மட்டும் எடுங்கள், படமும் நன்றாக வரும். ஏரியாப் பெயருக்குமேல் எதையும் எழுதச் சொல்லாதீர்கள். கதவு எண், முழுப்பெயர் எதுவும் இந்தப் படைப்புக்குத் தேவையில்லை.

தினமும் மாலை ஒரே இடத்தில் நின்று பலகையை ஒரு படம் எடுங்கள். நிற்பவர்கள் கேட்ட நல்ல கதைகளை நோட்டில் இரண்டு வரியாகவாவது எழுதட்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைத்தான் எல்லோரும் கேட்பார்கள், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், வீட்டு ஆட்களைக் கூட்டிவந்தார்கள் என்ற கணக்கு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது.

முடிந்த பிறகு

பெரும்பாலான பங்கேற்பு வேலைகள் கெட்டுப்போகும் இடம் இதுதான். மூன்று நாள் ஆசை ஆசையாக எழுதி வாங்கிய சீட்டுகள் நான்காம் நாள் குப்பைப் பையில் இருக்கும். கலை விமர்சகர் கிளேர் பிஷப் போன்றவர்கள் பங்கேற்புக் கலையைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மக்களைச் சேர்த்துக்கொண்டோம் என்ற நல்ல எண்ணம் மட்டுமே ஒரு படைப்பை நல்ல படைப்பாக்கிவிடாது. யோகோ ஓனோவின் ‘ஆசை மரம்’ 1996இலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. வருபவர்கள் ஆசையை எழுதி மரத்தில் கட்டுவார்கள். அந்தச் சீட்டுகளைச் சேகரித்து, ஐஸ்லாந்தில் 2007இல் அவர் அமைத்த ஒளிக்கோபுரத்துக்காகப் பாதுகாக்கிறார்கள். எழுதியவர் அங்கே போகவே மாட்டார். தன் சீட்டு எங்கே போகிறது என்பது தெரியும், அவ்வளவுதான் வேண்டும்.

நீங்களும் முதல் நாளே பலகை ஓரத்தில் எழுதிவிடுங்கள்: ‘இந்தக் கோடுகள் எங்கே போகும்?’ அதன்கீழ் செய்ய முடிந்ததை மட்டும் போடுங்கள். எல்லாக் கோடுகளையும் அடிக்கணக்கோடும் ஏரியாப் பெயரோடும் பட்டியல் போட்டு, அதை நூலகத்தில் ஒரு பிரதியாக வைப்பது யாராலும் முடியும். ஏரியா வாரியாகப் பிரித்து அந்தந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு பக்கம் அனுப்பலாம். மாநகராட்சி வார்டு கவுன்சிலருக்கும் அனுப்பலாம், அவர் படிக்கிறாரோ இல்லையோ. இந்தப் பட்டியலை வைத்து நீங்கள் அடுத்து ஏதாவது கண்காட்சி செய்தால், ‘பலகையில் கோடு போட்டவர்கள்’ என்று உங்கள் பெயருக்கு மேலே அச்சிடுங்கள்.

பலகையைக் கழற்றும் நாளையும் அறிவித்துவிடுங்கள். சிலர் தங்கள் கோட்டைத் திரும்ப வாங்க வருவார்கள், உரித்துக் கொடுத்துவிடுங்கள், பட்டியலில் ஏற்றிய பிறகு. மணல் மூட்டையை அவிழ்க்கும் முன் பலகையைக் கீழே சாய்த்துவிடுங்கள், இல்லையென்றால் காலில் விழும். ஆணி அடிக்கவில்லை என்பதைக் காட்ட, இடம் கொடுத்த அதிகாரியையே கூட்டிவந்து சுவரைப் பார்க்கவையுங்கள். அடுத்த கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும்.